எதுக்கு சார் பூதக்கண்ணாடி?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். திரையில் பழைய கிராம வரைபடம் பார்க்கிறவர்களுக்கு, விரல் போகிற இடத்தை மட்டும் பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வையுங்கள் என்றேன். உடனே ஒருவர்: "ரெண்டு விரலால இழுத்தா பெருசாகுது, எதுக்கு சார் பூதக்கண்ணாடி?" சரி, சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இழுத்தால் பெரிதாகும், யார் இல்லை என்றது? பெரிதானதும் எங்கே நிற்கிறோம் என்பது தொலைந்துபோகிறது. அதைத்தான் சொன்னேன். பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறீர்கள். புல எண் தெரியும்வரை இழுத்தால் திரையில் நாலு கோடும் ஓர் எண்ணும்தான் மிச்சம். ஏரி எந்தப் பக்கம்? வண்டிப்பாதை எங்கே? சுருக்கு, பார், மறுபடி இழு. லென்ஸ் வைத்தால் படம் அப்படியே இருக்கும், விரல் போகிற இடம் மட்டும் பெரிதாகும்.

என் அப்பா சர்வேயர். வரைபடத்தைத் தரையில் விரித்து வலது கையில் லென்ஸ் பிடிப்பார். இடது ஆள்காட்டி விரல் ஏரிக்கரையை விட்டு நகராது. ஒருநாள் நான் அந்தக் கையை இழுத்துவிட்டேன். "போச்சு, ஊரையே தொலைச்சிட்டடா" என்றார். 1986-இல் ஜார்ஜ் ஃபர்னாஸ் என்ற ஆய்வாளர், திரையில் காட்டும் 'மீன்கண் பார்வை' பற்றி எழுதியதும் ஏறக்குறைய அந்த விரலைத்தான்: பக்கத்தில் இருப்பது விவரமாக, தூரத்தில் முக்கியமானது மட்டும்.

மீன்கண்ணில் கோடு வளையும், தூரம் தப்பும் என்பீர்கள். ஆமாம், வளையும். அதை வைத்து அளந்து பத்திரம் எழுதச் சொன்னேனா? சாதாரண லென்ஸ் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் மறைக்கும், அதுவும் உண்மைதான். மூலையில் சின்னதாக முழுப்படம் வைத்தால் போதாதா? போதும். வைத்தீர்களா?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022-இல் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 717 கிகாபிக்சலில், அதாவது 71,700 கோடி புள்ளிகளில், இணையத்தில் போட்டதே, அது வெறும் ஜூம்தானே என்று ஒருவர் மடக்கினார். ஐயா, ஓவியத்தில் முகம் இருக்கிறது. கண்ணில் இருந்து விலகினால் மூக்கு வரும் என்று குழந்தைக்கும் தெரியும். வயலுக்கு ஏது மூக்கு?

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருப்பேன், பேச விட்டிருந்தால். என் முறை வந்தபோது டீ வந்துவிட்டது. சிரித்ததுகூடப் பரவாயில்லை. கடைசியில் ஒரு தம்பி பெரிய மனசு பண்ணி, "வயசானவங்களுக்கு செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷனா வெச்சிடலாம் சார்" என்றார்.

எனக்கு 43 வயது. இன்னும் கண்ணாடிகூடப் போடவில்லை.