111 வெற்றி என்பது மட்டும் கணக்காகாது
அமெரிக்க பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸ் பற்றிய ஒரு கட்டுரை, "111 வெற்றி, ஆகவே டாட்ஜர்ஸ் வரலாற்றிலேயே சிறந்தது 2022 அணிதான்" என்கிறது. முடிவு சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு. டாட்ஜர்ஸ் புரூக்ளினில் ஆடிய காலத்து 1953 அணி 105 வெற்றி, 49 தோல்வி. அன்று சீசனுக்கு 154 ஆட்டம்தான், 162 இல்லை. வெற்றி விகிதமாகப் பார்த்தால் 1953-க்கு .682, 2022-க்கு .685, அதாவது 154 ஆட்டத்தில் அரை வெற்றி வித்தியாசம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் பாருங்கள்: 2022-ல் 847-513, 1953-ல் 955-689. எடுத்த ரன்னின் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆட்ட எண்ணிக்கையால் பெருக்கினால் (ரன்னை வைத்து ஓர் அணி எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்று சொல்லும், பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் சூத்திரம்) 2022-க்குச் சுமார் 118 வெற்றி வருகிறது, 1953-க்கு 101. முன்னது கணக்குக்குக் கீழே ஜெயித்த அணி, பின்னது கணக்குக்கு மேலே. 955 ரன்னில் மயங்கவும் வேண்டாம். 1953 அணியின் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் வலது மூலை வேலி 297 அடி தூரம்தான், வலப்பக்கம் அடிக்க வசதியான இடக்கை ஆட்டக்காரர் டியூக் ஸ்னைடருக்கு அல்வா மாதிரி. ஆனால் அன்று பிட்சரும் (பந்து வீசுபவர்) பேட் பிடித்தாக வேண்டும், 2022-ல் அந்தத் தொல்லை இல்லை, அவருக்குப் பதில் வேறொருவர் அடிக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உண்மையான இடைவெளி பிட்சிங்கில்: ஆட்டத்துக்கு 4.47 ரன் கொடுத்த அணி எங்கே, 3.17 கொடுத்த அணி எங்கே! கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் "உலகத் தொடரை (சீசனின் இறுதிச் சுற்று) ஜெயிக்காத அணிக்கு என்ன பெருமை" என்கிறார். 1953 அணியும் அதில் யாங்கீஸ் அணியிடம் 4-2 தோற்றதுதான். ஆனால் லீக்கில் முதலிடம் பிடித்ததும் அது நேரே உலகத் தொடருக்குப் போனது. 2022 அணி அதற்கு முன் இரண்டு சுற்று தாண்ட வேண்டியிருந்தது, தன் முதல் சுற்றிலேயே தன்னைவிட 22 வெற்றி குறைந்த பாட்ரேஸ் அணியிடம் 3-1 என்று விழுந்தது.