நானூறு மீட்டர்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முட்டைமேல் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பக்கியை, அதாவது நைட்ஜார் என்கிற இரவுப் பறவையை, எங்கள் நாய் எழுப்பிவிட்டது. அன்றிலிருந்தே எழுத நினைத்த பதிவு இது. போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் ஒருவர், "குருவிக்கு இடம் வேண்டும் என்று மனிதனுக்கு வீடு கட்ட விடமாட்டேன் என்கிறார்கள்" என்று கோபப்பட்டதும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், சர்ரேயில். வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் இவர்கள் 'ஹீத்' என்று சொல்லும் புதர்வெளி வரும். மணற்பாங்கான நிலம். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடிகள், இடையிடையே கோர்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதர். வெயில் ஏறியதும் அந்தப் பூவிலிருந்து தேங்காய் வாசனை வரும். முதல்முறை அதை முகர்ந்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

அன்று நாயை அவிழ்த்துவிட்டிருந்தேன். அது பாதையை விட்டுப் பத்தடி உள்ளே போயிருக்கும். காய்ந்த சருகு போல ஒன்று சத்தமே இல்லாமல் தரையிலிருந்து எழும்பியது. சிறகு ஒடிந்ததைப் போலத் தள்ளாடிப் போய்ச் சற்றுத் தள்ளி விழுந்தது. நாய் அதன் பின்னால் ஓடியது. அதைப் பிடிக்கப் போனபோதுதான் கவனித்தேன். கூடு என்று ஒரு துரும்புகூட இல்லாத வெறும் தரையில் இரண்டு முட்டைகள், வெள்ளையும் சாம்பலும் கலந்து, பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளைப் போல. பக்கத்துப் பைன் மரத்தில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். முட்டைகள் என்னவாயின என்று பார்க்க மறுபடியும் போகவில்லை. போயிருந்தால் அதே தவற்றை இரண்டாவது முறை செய்தவனாவேன்.

நம் ஊர்ப் பக்கியும் இப்படித் தரையில்தான் முட்டையிடும். பகல் முழுவதும் அசையாமல் உட்கார்ந்து, தன் உடம்பின் நிறத்தாலேயே முட்டையை மறைத்து வைக்கும். எழுப்பிவிட்டால் அந்த மறைப்பு போய்விடும், காகத்துக்கு முட்டை தெரிந்துவிடும். இங்கே வருவது ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து, அந்துப்பூச்சிகளைத் தின்று, குஞ்சு பொரித்துவிட்டுக் கோடை முடியும்போது திரும்பிப்போகும் இனம். இதே புதர்வெளியில் இன்னும் இரண்டு பறவைகள் உண்டு. ஒன்று வுட்லார்க், வானம்பாடிக் குடும்பம். மற்றொன்று டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி. அது குளிர்காலத்திலும் இங்கேயே தங்கிவிடும். 1962-63 குளிர்காலப் பனியில் பிரிட்டன் முழுவதிலும் ஒரு டஜன் ஜோடி போலத்தான் மிஞ்சியது. மூன்றுமே தரையிலோ தரையை ஒட்டியோ கூடு வைப்பவை. அவற்றுக்கு வேண்டிய புதர்வெளியிலோ 1800-க்குப் பிறகு ஐந்தில் நான்கு பங்கு அழிந்துவிட்டது.

சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்‌ஷயர் மூன்றிலுமாகச் சிதறிக் கிடக்கும் மிச்சத்தை, சுமார் 8,270 ஹெக்டேரை, 2005 மார்ச்சில் 'தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்' என்ற பெயரில் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். லண்டனுக்கு ரயிலில் போய்வரும் தூரம், வீட்டுக்கு அடிதடி நடக்கும் பகுதி. அறிவிப்பு வந்ததும் புதிய வீடுகளுக்கான அனுமதி பல இடங்களில் நின்றுபோனது. என் நண்பரின் கோபம் இன்னும் அந்தக் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பின் நடந்தது அவருக்குத் தெரியவில்லை.

வீடு கட்டுவது நிற்கவில்லை. எங்கே கட்டலாம், கட்டினால் என்ன தர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஹீத்தின் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய வீடு கூடாது. அந்தத் தூரத்தில் வீடு இருந்தால் பூனை தானே போய்விடும், மனிதர்களும் வாசலிலிருந்தே நடந்து போய்விடுவார்கள், எந்த ஏற்பாட்டாலும் தடுக்க முடியாது. 400 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை கட்டலாம். ஆனால் புதிதாகக் குடிவரும் ஒவ்வோர் ஆயிரம் பேருக்கும் 8 ஹெக்டேர் பசுமை வெளி வேறோர் இடத்தில் தர வேண்டும், அதை நிரந்தரமாகப் பராமரிக்கவும் வேண்டும். நம் கணக்கில் சொன்னால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிரவுண்ட். அதோடு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணமும் உண்டு. ஹீத்தில் நடந்து திரிந்து மக்களிடம் பேசும் காவலர்களின் சம்பளம் அதிலிருந்து வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பசுமை வெளி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் விதம். நாயைக் கயிறு இல்லாமல் விட வசதி, சுற்றி நடந்து தொடங்கிய இடத்துக்கே வர சுமார் இரண்டரை கிலோமீட்டர்ப் பாதை, கார் நிறுத்த இடம், தனியாக நடக்கும் பெண்ணுக்கும் பயமில்லாத சூழல். பறவையைக் காப்பாற்ற எழுதிய விதியில் பாதி, மனிதனின் மாலை நடையைப் பற்றியது. ஹீத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நாயோடு வருபவர்கள் என்று ஆட்களை நிறுத்தி எண்ணிப் பார்த்து, அவர்களுக்கு அதைவிட வசதியான இடத்தை வீட்டுப் பக்கத்தில் கொடுத்துவிடுவோம் என்று யோசித்திருக்கிறார்கள். "உள்ளே வராதே" என்று பலகை மட்டும் வைத்திருந்தால் யார் கேட்பார்கள்? நானே கேட்கவில்லையே.

குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் கணுக்கால்வரை சேறாகும் பசுமை வெளியையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருமுறை போனவர்கள் மறுவாரம் ஹீத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஆனால் அதற்காக அந்த 400 மீட்டரைப் பேரம் பேசும் பொருளாக்கக் கூடாது. 15 லட்சம் வீடுகள் கட்டுவோம் என்று வாக்களித்த அரசு இது. வௌவாலும், பல்லி போன்ற நீர்நில உயிரியான நியூட்டும்தான் நாட்டின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பது போல அமைச்சர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறோம். எனக்கு அது பொய்யாகத்தான் தெரிகிறது. இந்த விதி வந்த பிறகுதான் எங்கள் வீடே கட்டப்பட்டது. பசுமை வெளியின் செலவையும் கட்டணத்தையும் கட்டுநர் செலுத்தினாலும் வீட்டின் விலையில் அதுவும் சேர்ந்திருக்கும். நாங்கள்தான் கொடுத்தோம். முழு மனதோடு சொல்கிறேன், அந்த வீட்டுக்காகக் கொடுத்த பணத்தில் எனக்கு உறுத்தாத பகுதி அது ஒன்றுதான். அந்தப் பணத்தில் வந்த பசுமை வெளியில்தான் என் மகள் சைக்கிள் ஓட்டப் பழகினாள்.

கோடை மாதங்களில் இப்போது நாயை அங்கேதான் கூட்டிப்போகிறேன். ஹீத்துக்கு மே கடைசியில் ஒரு மாலை தனியாகப் போவேன். ஒன்பதரை மணிக்கு மேல், இருட்டுகிற நேரத்தில், கார் நிறுத்துமிடத்தில் நின்றாலே போதும். தூரத்தில் யாரோ தையல் மிஷினை நிறுத்தாமல் ஓட்டுவது போலப் பக்கியின் குரல் வரும். இந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வர விரும்பினால் எழுதுங்கள், சேர்ந்து போகலாம். நாயை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.