யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்கிறார்கள்

மூன்று நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஆனால் நம் தம்பி ஒருவர் என்னைத் திட்டிப் போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட் நேற்று ராத்திரி சுற்றிச் சுற்றி என் அக்கா மகனிடம் போய், அவன் வழியாக எனக்கே திரும்பி வந்துவிட்டது. "மாமா, இது உங்களைப் பத்தியா?" என்று கேட்டான். ஆமாம்டா, என்னைப் பற்றித்தான். "நம்ம சர்வரின் குட்டி சர்வாதிகாரி" அடியேன்தான்.

என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பழைய நண்பர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஓட்டும் யூஸ்நெட் சர்வரிலிருந்து போன சனிக்கிழமை பதினோரு விவாதக் குழுக்களை நீக்கினேன். அவ்வளவுதான். யாருடைய கணக்கையும் முடக்கவில்லை. யாரையும் எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தப் பதினோரு குழுக்களும் மற்ற சர்வர்களில் ஜம்மென்று இருக்கின்றன, காசில்லாமலே போய்ப் படிக்கலாம். நம் சர்வர் அவற்றை இனி வாங்கி வைக்காது, அது ஒன்றுதான் மாற்றம். இதற்குத்தான் அந்தப் பதிவில் தணிக்கை, கருத்துரிமை, எமர்ஜென்சி எல்லாம். எமர்ஜென்சியாம்! எழுதிய தம்பி பிறந்தது 1981-ல்.

யூஸ்நெட் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளும் இங்கே இருப்பதால் நாலு வரி. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யோசித்தது, தலைப்புவாரியாகக் குழு குழுவாக எழுதிப் பேசிக்கொள்ளும் ஒரு கணினி வலை. பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் புரோகிராமை எழுதினார். ராத்திரியில் ஒரு கணினி இன்னொன்றுக்கு மோடம் வழியாக போன் போடும், புதிதாக வந்தவற்றை வாங்கிக்கொள்ளும், பிறகு அடுத்ததற்குக் கொடுக்கும். நடுவில் முதலாளி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகல் இருக்கும். ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு கட்டுரை வரும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள், பாவம்.

ஒவ்வொரு இடத்திலும் நகல் என்றால் ஒவ்வொரு இடத்திலும் செலவு. போன் பில், டிஸ்க், ராத்திரி கண்விழிக்க ஒரு ஆள். அதனால் எந்தக் குழுவை வாங்குவது, எதை விடுவது என்பதை அந்தந்தக் கணினியை வைத்திருப்பவர்தான் முடிவு செய்தார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். போன சனிக்கிழமை நான் உட்கார்ந்து கண்டுபிடித்த அராஜகம் இல்லை இது.

1987-ல் முடிந்த பெரிய பெயர் மாற்றத்தின் கதையே இதுதான். அதுவரை கண்டபடி கிடந்த குழுக்களை காம்ப் (கணினி), சை (விஞ்ஞானம்), ரெக் (பொழுதுபோக்கு), சாக் (சமூகம்), டாக் (பேச்சு) முதலான ஏழு தலைப்புகளில் பிரித்தார்கள். அதில் டாக் எதற்கு? மதம், அரசியல், கருக்கலைப்பு என்று முடிவே இல்லாத சண்டைகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால், வேண்டாதவர்கள் ஒரே வரியில் "டாக் வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போகலாம் என்பதற்கு! வேண்டாம் என்று சொல்வதற்கான வசதி அமைப்பின் உள்ளேயே இருந்தது. அதைச் செய்தால் நான் சர்வாதிகாரி.

வாக்கெடுப்பு நடத்தினாயா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் வாக்கெடுப்பு இருந்தது. புதுக் குழு வேண்டுமென்றால் முதலில் விவாதம், அப்புறம் வாக்கு. எதிர்ப்பை விட ஆதரவு நூறு வாக்காவது கூட இருக்க வேண்டும், பிற்பாடு மூன்றில் இரண்டு பங்கும் சேர்ந்துகொண்டது. ஆனால் இதை யாரும் சொல்வதில்லை: ஜெயித்தாலும் எந்த சர்வரும் அதை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. படிக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த வாக்கு. அட்மினுக்கு இஷ்டமிருந்தால் சேர்ப்பார்.

1989-ல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு குழு கேட்டார்கள். பொழுதுபோக்கு என்பதால் ரெக்.அக்வேரியா என்றுதான் பெயர் வைக்க வேண்டும். அவர்களோ சை.அக்வேரியா, அதாவது விஞ்ஞானத்தின் கீழ் வேண்டும் என்றார்கள். ஏன்? ரெக் குழுக்களை வாங்காத பல இடங்கள் சை குழுக்களை மட்டும் வாங்கின. விஞ்ஞானம் என்று பெயர் வைத்தால் மேலதிகாரி கேள்வி கேட்க மாட்டார். வாஸ்து மீனுக்கும் கப்பி மீனுக்கும் விஞ்ஞானி பட்டம் வாங்கித் தர ஒரு பெரிய போரே நடந்தது. கேலியாகச் சொல்லவில்லை, அந்த வாதங்களைப் பிற்பாடு உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஒருத்தர்கூட "எங்கள் மீனைச் சுமக்காத கணினி பாசிசக் கணினி" என்று எழுதியதாக நினைவில்லை. பெயரை மாற்றினால் சுமப்பார்களா என்றுதான் பார்த்தார்கள்.

சரி, பெரிய இடங்கள் அதிகாரம் செய்ததே இல்லையா என்றால், செய்தன. நீண்ட தூரத் தகவல் போக்குவரத்தைச் சுமந்த சில கணினிகளின் அட்மின்களுக்கு பேக்போன் கபால், அதாவது முதுகெலும்புச் சதிக்கூட்டம், என்றே பெயர். 1988-ல் பாலியல் பற்றிய ஒரு குழு வாக்கில் ஜெயித்தும் உருவாக்க மறுத்தார்கள். அதற்கு முந்தின வருஷமே கலிபோர்னியாவில் ஒரு பார்பிக்யூ கடையில் உட்கார்ந்து பிரையன் ரீட், ஜான் கில்மோர், கார்டன் மோஃபெட் மூவரும் ஆல்ட், அதாவது மாற்று, என்று தனி வழி போட்டிருந்தார்கள். ரீடின் கோபத்துக்குக் காரணம் தெரியுமா? அவர் நடத்திய சமையல் குறிப்புக் குழுவின் பெயரை மாற்றிவிட்டார்கள். ரசப்பொடிக்காக ஆரம்பித்த புரட்சி மாதிரி. கபால் மறுத்த குழுவை அவரே ஆல்டில் உண்டாக்கினார். இங்கே கவனியுங்கள். அவர் "நீ சுமந்தே தீர வேண்டும்" என்று கபாலின் வாசலில் போய் உட்காரவில்லை. தன் கணினியில், தன் செலவில், விரும்பியவர்களோடு சேர்ந்து சுமந்தார். தம்பியும் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கலாமே. யூஸ்நெட் சர்வரை ஓட்டும் ஐ.என்.என். மென்பொருளைப் போடுவது எப்படி என்று நானே சொல்லித் தருகிறேன், போனிலேயே.

இப்போது என் மேல் வைக்கும் நூலக வாதம். "நூலகர் தனக்குப் பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியலாமா?" இதை முதலில் உரக்கச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு என்ற பெயரையே கொடுத்த ஜான் மெக்கார்த்தி. 1989-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் ஒரு நகைச்சுவைக் குழுவை, யூதரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் பற்றிய ஒரு ஜோக்குக்காக, தன் கணினிகளிலிருந்து எடுத்தது. மெக்கார்த்தி எதிர்த்தார், கையெழுத்து வாங்கினார், குழு திரும்பி வந்தது. அவர் பக்கம்தான் நியாயம். அந்த இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அது பல்கலைக்கழகம் ஐயா. ஆயிரக்கணக்கான பேருக்கு வேறு வழி இல்லாத காலம், எடுத்தவர்கள் அதைப் படிக்காத நிர்வாகம். கன்னிமரா நூலகத்துக்கு இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி போக வேண்டும் என்று 1954-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. என் அலமாரிக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? நூலகர்கூட எல்லாவற்றையும் வாங்குவதில்லை, பட்ஜெட் பார்த்துத்தான் வாங்குகிறார். வாங்காமல் விடுவதும் ஏற்கனவே வைத்திருந்ததை எடுப்பதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். சரி, மேலே போகிறேன்.

அடுத்தது கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் கதை. 1995 டிசம்பரில், ஜெர்மனியின் பவேரியா மாநில அரசு வழக்கறிஞர்கள் கொடுத்த நெருக்கடியில், அந்த நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட குழுக்களை நிறுத்தியது. ஜெர்மனிக்கு மட்டும் நிறுத்தத் தெரியவில்லை, உலகம் முழுக்க எல்லாருக்கும் நிறுத்தினார்கள். ஓரினச்சேர்க்கையாளர்கள் பற்றிய செய்திக் குழுவும் அந்தப் பட்டியலில் போனது. "நீயும் அதைத்தானே செய்தாய்" என்கிறார்கள். அங்கே பட்டியல் போலீஸ் பக்கமிருந்து வந்தது. இங்கே பட்டியல் போட்டவன் ராத்திரி சர்வர் படுத்தால் எழுந்து பார்க்கிறவன். வித்தியாசம் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய? அதோடு அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்லுங்கள். கம்ப்யூசர்வின் ஜெர்மன் கிளைத் தலைவர் ஃபெலிக்ஸ் ஸோம் என்பவருக்கு 1998-ல் இரண்டு வருஷத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான் என்றாலும். மறுவருஷம் மேல்முறையீட்டில் விடுதலையானார். குழுவில் எழுதியவர்கள் யாரோ, கூண்டில் நின்றது அவர். நம் சர்வர் யார் பெயரில் இருக்கிறது? நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் கதவைத் திறப்பது யார்? தம்பியா?

"டிஸ்க் இப்போது சல்லிசு, எழுத்துதானே" என்ற வாதம் உண்மை. படமும் சினிமாவும் வரும் பைனரிக் குழுக்களை எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 100 டெராபைட்டைத் தாண்டிச் சில வருஷமாகிறது. அதை நாம் தொடுவதே இல்லை. எழுத்து அதில் தூசி. இடப்பிரச்சினை என்று நான் எங்கே சொன்னேன்? ஆள் பிரச்சினை. ஆள் ஒருத்தன். அவனுக்கு வயது ஐம்பத்தாறு.

இடப்பிரச்சினை என்றால் என்னவென்று பார்த்தவன் நான். 1994-ல் அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது எங்கள் துறையில் யூஸ்நெட்டுக்கு ஒரே ஒரு கிகாபைட். சாக்.கல்ச்சர்.தமிழ் என்று ஒரு குழு இருக்கிறது என்று வேறு ஊர் நண்பன் சொன்னான். எங்கள் சர்வரில் இல்லை. அட்மின் அறைக்குப் போய் நின்றேன். தாடி வைத்த பெரிய மனிதர், மேசையில் பாதி தின்ற பேகல். எத்தனை பேர் படிப்பீர்கள் என்று கேட்டார். "பன்னிரண்டு" என்றேன். அந்தத் துறையில் நாங்கள் தமிழர்கள் நாலு பேர், அதில் ஒருத்தனுக்குத் தமிழே வேண்டாம். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிக் கீபோர்டில் தட்டினார். மூன்று நாள்தான் வைப்பேன், அப்புறம் அழிந்துவிடும் என்றார்.

மூன்று நாள்! வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கும் சண்டை திங்கள் ராத்திரி போனால் தலை இருக்காது, வால் மட்டும் இருக்கும். தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், ழகரத்துக்கு எந்த எழுத்து என்பதிலேயே நாலு நாள் போகும். ஈழத்தைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். நடுவில் யாராவது குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் போடுவார்கள். பனி கொட்டுகிற ஊரில், லேபில் நான் மட்டும் உட்கார்ந்து அதை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்செடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அறைக்கு நடந்திருக்கிறேன். மற்ற மூன்று பேரும் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. பன்னிரண்டு பேர் என்ற கணக்கில் பன்னிரண்டும் நான்தான்.

இதை ஏன் சொல்ல ஆரம்பித்தேன்? ஆமாம், இடம். அடுத்த வருஷம் அதே அறையில் பகுதிநேர வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை யாரோ கேட்டார் என்று ஒரு பைனரிக் குழுவைத் திறந்துவிட்டேன். ஞாயிறு காலையில் டிஸ்க் நிரம்பி, சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. திங்கள்கிழமை வந்த பிஎச்.டி. பையன், தன் கேள்விக்கு வந்த பதில்கள் ஒன்றும் இல்லை என்று என் முன்னால் நின்றான். அன்றைக்குப் புரிந்தது, ஒன்றைச் சுமந்தால் இன்னொன்றைக் கீழே போடுகிறோம். இது எந்தக் கருத்துரிமைப் பதிவிலும் வராது.

எடுத்த பதினொன்றில் ஒன்பது வெறும் குப்பை. கூகுளே 2024 பிப்ரவரியில், ஸ்பாம் தாங்காமல், யூஸ்நெட்டோடு தன் தொடர்பை வெட்டிக்கொண்டது. அதற்கு முன்பு வந்து குவிந்த சூதாட்ட விளம்பரம்தான் அந்த ஒன்பதிலும், மனிதர் எழுதி மாசக்கணக்காகிறது. எல்லாம் ஆரம்பித்த டியூக் பல்கலைக்கழகமே 2010-ல் தன் சர்வரை மூடிவிட்டது. அவர்களிடம் போய் யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்டீர்களா?

மீதி இரண்டு. மதச்சண்டைக் குழுக்கள். அதைப் பற்றித்தானே எல்லாம். சரி, ஒத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் காலையில் சர்வரின் பதிவேட்டை (லாக்) திறந்தால் அந்த இரண்டில்தான் முதல் கண் படும். நம் ஆட்கள் இரண்டு பேர் அதில் எழுதுவதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அவர்கள் இரண்டு பேரும் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஒருத்தர் பந்தியில் பரிமாறினார்.

யார் கொடுத்த அதிகாரம்? நீங்கள்தான். 2019-ல் பழைய சர்வர் போனபோது நாற்பது பேருக்கும் எழுதினேன், யார் எடுத்துச் செய்கிறீர்கள் என்று. முப்பத்தொன்பது பேர் "நீயே செய்" என்கிற மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆளுக்கு வருஷம் ஐநூறு ரூபாய் என்று பேச்சு. போன வருஷம் இருபத்திரண்டு பேர் கொடுத்தார்கள். தம்பி கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. இப்போதும் கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

எடுத்த அன்றே எல்லாருக்கும் எழுதியிருந்தேன்: திரும்ப வேண்டுமென்றால் குழுவின் பெயரை அனுப்புங்கள், மறுநாளே சேர்க்கிறேன், காரணம் கேட்க மாட்டேன். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது.

இன்று காலை வரை வந்தது ஒரே ஒரு கடிதம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பரின் மனைவி. "அண்ணா, பதினொன்றில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன், ரெக்.அக்வேரியா நம்மிடம் வருமா? தொட்டியில் தண்ணீர் பச்சையாகிக்கொண்டே இருக்கிறது." எத்தனை பேர் படிப்பீர்கள் என்று கேட்கவில்லை. சேர்த்துவிட்டேன்.