சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தது அக்கா செய்த தப்பா?

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தருவதில் நம் நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல் மாறியே ஆக வேண்டும். பெங்களூரில் அக்காவோடு ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸ் கவுன்டருக்கும் அலைந்து பார்த்த பிறகு, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் உடல் பருமன் சிகிச்சைக்குப் பணமே கிடையாது. 2019ல் இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு விதியைக் கொண்டுவந்தது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) குறைந்தது 40 இருக்க வேண்டும். 35 இருந்தாலும் சரி, ஆனால் கூடவே நாலு வியாதிகளில் ஒன்று இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. அதோடு, டயட் மாதிரியான வழிகளைச் செய்து பார்த்துப் பலிக்கவில்லை என்றும் காட்ட வேண்டும்.

அக்கா ராமமூர்த்தி நகரில் இருக்கிறாள். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. பிஎம்ஐ 36.6 வருகிறது. பிபி உண்டு. முட்டி வலியால் மாடிப்படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதே படிக்கு இழுத்துத்தான் ஏறுவாள். சர்க்கரையும் உண்டு, ஆனால் மாத்திரையும் கேழ்வரகும் நடையுமாகப் போராடி, மூன்று மாத சராசரியை (ஹெச்பிஏ1சி) ஏழுக்குக் கீழே வைத்திருக்கிறாள். ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 24 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 30 வந்தால்தான் 'தீவிரம்'. 24 என்றால் 'மிதமானது'.

ஆக, பிபி அந்தப் பட்டியலில் இல்லை. முட்டி இல்லை. அக்காவுக்கு ஈரலில் கொழுப்பும் படிந்திருக்கிறது, அதுவும் பட்டியலில் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதால் அதுவும் சேராது. பாலிசி நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்று கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) மறுப்பு வந்தது. பல வருஷமாக வாயைக் கட்டிச் சர்க்கரையை அடக்கி வைத்தவளுக்கு இல்லையாம், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்குமாம். இது எந்த ஊர் நியாயம்?

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது கவுன்டரில் இருந்தவர் சொன்னது. நல்ல மனுஷர்தான், உதவத்தான் நினைத்தார். "அம்மா, இவங்க உயரத்துக்கு 96 கிலோ தாண்டினா 40 ஆயிடும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்களேன்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சர்ஜன் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்து, மிகக் குறைந்த கலோரியில் இருக்க வேண்டும், அப்போதுதான் கொழுப்பேறிய ஈரல் சுருங்கும். ஈரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேலேயே படுத்திருப்பதால், அது பெருத்திருந்தால் சிறு துளை வழியே லேப்ராஸ்கோப்பில் வேலை செய்வது கஷ்டம், ஆபத்தும் கூடும். டாக்டர் இளைக்கச் சொல்கிறார், விதி பெருக்கச் சொல்கிறது. நடுவில் நிற்பது நோயாளி.

இந்த 40, 35 கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1991ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு சொன்ன அதே எண்கள். அன்றைக்கு இந்த ஆபரேஷனை வயிற்றைப் பெரிதாகக் கிழித்துத்தான் செய்தார்கள். இன்று சிறு துளைகள் வழியே முடிகிறது. 2022ல் உலக அளவிலான பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) சர்ஜன்கள் அமைப்பும் அமெரிக்க அமைப்பும் சேர்ந்து வழிகாட்டுதலை மாற்றிவிட்டன. 35 இருந்தால் வேறு வியாதியே வேண்டாம், சர்ஜரியைப் பரிந்துரைக்கலாம் என்கின்றன. ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்கின்றன. காரணம் நமக்கே தெரிந்ததுதான்: கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். அந்த வயிற்றுக் கொழுப்பு குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையைக் கொண்டுவந்துவிடுகிறது. நம் உடம்புக்கு வெள்ளைக்காரர் உடம்பின் பழைய அளவுகோல் எதற்கு?

"கையிலிருந்து போட்டுச் செய்ய வேண்டியதுதானே" என்பவர்களுக்கு: நாங்கள் விசாரித்த இடங்களில் மூன்று லட்சத்துக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை.

அப்புறம், எந்த ஆபரேஷன் என்ற கேள்வி. "ஸ்லீவ் பண்ணிக்கோ, அதுதான் சுலபம்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறையும். ஆனால் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. முக்கியமாக, நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். அக்காவுக்கு எதுக்களிப்பு ஜாஸ்தி. எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு டாக்டர் பைபாஸ் என்றார். அதில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சர்க்கரைக்கும் இது கூடுதலாகக் கைகொடுக்கும். பதிலுக்கு, இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு வரலாம். இரும்பு, கால்சியம், பி12 ஆயுசு முழுக்க எடுக்க வேண்டும். மினி பைபாஸ் என்று ஒற்றை இணைப்போடு இன்னொன்றும் உண்டு, பித்தம் மேலேறும் வாய்ப்பு இருப்பதால் அக்காவுக்கு அதை வேண்டாம் என்றார்கள்.

எங்கள் வீட்டில் சைவம். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னதும் அக்கா திகைத்துப் போனாள். ரசம் சாதமும் இட்லியும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இப்போதே சாதத்தைக் குறைத்து, சுண்டல், பனீர், தயிர் என்று பழகுகிறாள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும் பழகுகிறாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டயட்டீஷியன் சீட்டு, தேதி போட்ட எடைக் குறிப்பு, ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேறு வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு வாய்ச் சொல் செல்லாது, காகிதம்தான் செல்லும். கேஷ்லெஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் ஜே.பி. நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (கம்பெனி மீதான புகாரை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நாங்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறோம். விதியே அப்படி இருக்கும்போது பதில் என்ன வரும் என்று ஓரளவு தெரியும். இருந்தாலும் எழுதினோம், இப்படி ஒரு நோயாளி இருக்கிறாள் என்பது பதிவாகட்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசியில் என்னென்ன சேர்க்கலாம் என்று வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது பேரம் பேச முடியும். அதற்கு முன்பே உங்கள் ஹெச்ஆரிடம் பிஎம்ஐ வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாமாவின் கம்பெனிக்குப் புதுப்பிக்கும் மாதம் ஏப்ரல், அவர் மெயில் போட்டுவிட்டார்.