டிஸ்னிலேண்டின் பழைய போஸ்டர்களை வரைந்தது வால்ட் டிஸ்னியா?

"டிஸ்னிலேண்டின் பழைய ரைடு போஸ்டர்கள் அத்தனையும் வால்ட் டிஸ்னி தன் கைப்பட வரைந்தவை" என்றொரு தகவல் படங்களோடு சுற்றி வருகிறது. இது தவறு.

கலிபோர்னியாவின் அனாஹைமில் 1955 ஜூலையில் அந்தப் பூங்கா திறந்தது. தொடக்ககாலப் போஸ்டர்களை வடிவமைத்தவர் பியோர்ன் ஆரோன்சன். அப்புறம் பால் ஹார்ட்லி, ரோலி கிரம்ப் என்று பலர் வந்தார்கள். பேய் மாளிகை ரைடின் போஸ்டர் கென் சாப்மன், மார்க் டேவிஸ் இருவருடையது. அந்த ரைடு திறந்ததே 1969 ஆகஸ்டில். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். தேதியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இவை தூரிகையால் தீட்டிய ஓவியங்களும் அல்ல. ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சடித்தவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக மையை வழித்துவிட வேண்டும். இந்தத் துணிதான் திரை; ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மை தாளின் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும். ஒரு நிறம் இன்னொன்றின் ஓரத்தில் லேசாக ஏறியிருக்கும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் ஆஃப்செட் என்ற இயந்திர அச்சு முறையில் எடுத்த நகல்.

நுழைவாயிலருகே, ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கவழிச் சுவர்களில் இந்தப் போஸ்டர்களை மாட்டினார்கள். நடந்துகொண்டே பார்ப்பவர் கண்ணில் சட்டென்று பட வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தட்டையான, அழுத்தமான நிறங்கள். எவ்வளவு அழகான வேலை! அதைச் செய்தவர்களின் பெயரோடு பகிருங்கள்.