ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலியும் பணிநோய்தான்

பணியிட மன அழுத்தம் என்று பேச்சு எழுந்தாலே, கணினி நிறுவன ஊழியர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இது எனக்கு நெடுநாளாகவே பெரும் மனவருத்தம்.

என் நெருங்கிய உறவினர் ஒருவர் அப்படியொரு கடையில் பணிபுரிகிறார். நாற்பது வயதுக்குள்ளேயே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. வாடிக்கையாளர் ஒன்றும் வாங்காமல் திரும்பினால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டும். மாத விற்பனை இலக்கு எட்டாவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்க வேண்டும். வடசேரியில் கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு சேர்ந்த பிறகும் அந்த ஏச்சுதான் காதில் ஒலிக்கிறது, உறக்கம் வருவதில்லை என்கிறார். இரத்த அழுத்த மாத்திரையும் தொடங்கிவிட்டது.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. காலை 9 மணிக்குக் கடைக்குள் நுழைந்து இரவு 9 மணிக்கு வெளியே வருகிறவர், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும், ஆறே நாளில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். இத்தனைக்கும், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் பொதுவரம்பு.

பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பாலும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஸ்டூலைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, அதில் உட்காருகிறவரை முறைத்துப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை.

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஆடித் தள்ளுபடி, ஓணம், தீபாவளி நாள்களின் மாலை நேரத்தில் வர வேண்டும். முதலாளி காட்டும் பதிவேட்டோடு நிறுத்திவிடாமல், அந்தப் பெண்களைத் தனியே அழைத்து, இன்று எத்தனை முறை உட்கார்ந்தீர்கள், எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்க வேண்டும்.