கூரைக்கு ஓட்டு வேண்டுமாம், புதுப் பள்ளிக்கு வேண்டாமாம்!

எங்கள் ஊருக்கு சார்ட்டர் பள்ளி ஒன்று வரப்போகிறதாம். பளபளவென்று ஒரு துண்டறிக்கை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ரோபாட்டிக்ஸ், கோடிங், சின்ன வகுப்பிலிருந்தே இன்னொரு மொழி, வகுப்பில் கொஞ்சம் பிள்ளைகள்தான், எல்லாமே இலவசம். அதன் கீழே நம்மவர்கள் வரிசையாகக் கைகூப்புவதும் கைதட்டுவதுமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இலவசமாம்! யார் வீட்டுக் காசில் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் சொல்வது நியூ ஜெர்சியின் நடுப்பகுதியை. சொத்து வரியில் அமெரிக்காவுக்கே முதலிடத்தில் நிற்கும் மாநிலம். ஒரு வீட்டுக்கு ஆண்டுச் சராசரி 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. கட்டும்போது வயிறு எரிந்தாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே மஞ்சள் பேருந்தில் ஏறிப் போவதைப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ட்டர் பள்ளியை நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பொதுப்பணம், தனி நிர்வாகம், கட்டணம் கிடையாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். அதுவரை சரி. ஆனால் இங்கே அந்தப் பணம் எங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், பட்ஜெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. 1996 ஜனவரியில் கையெழுத்தான மாநிலச் சட்டப்படி, ஒரு பிள்ளை சார்ட்டருக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கென்று கணக்கிடும் தலைவீதச் செலவில் 90 விழுக்காட்டை ஊர் மாவட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் இருக்கும் மாநிலக் கல்வி ஆணையர் ஒருவர்தான். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம், விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாளுக்குள் தன் கருத்தை எழுதி அனுப்பலாம். அனுப்பினால் படிப்பார்கள், அவ்வளவுதான். வாரியத்தின் ஒப்புதல் தேவையில்லை. பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம், அதற்கும் வக்கீல் செலவு நம் வரிப்பணம்தான்.

இதே ஊரில் இருக்கும் பள்ளிக்குக் கடன்பத்திரம் போட்டுக் கூரை மாற்ற வேண்டும் என்றால் ஊரைக் கூட்டி ஓட்டெடுக்க வேண்டும். பள்ளிக்கான வரியை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும் என்றாலும், ஒருசில விலக்குகள் போக, நம்மிடம்தான் வந்து நிற்க வேண்டும். 2010இல் போட்ட சட்டம் அப்படி. ஒழுகும் கூரைக்கு என் சம்மதம் வேண்டும், ஒரு புதுப் பள்ளிக்கூடத்துக்கே ஆண்டுதோறும் செக் எழுத என் சம்மதம் வேண்டாம். இதை யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

"பிள்ளை போனால் அந்தப் பிள்ளைக்கான செலவும் போய்விடுமே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று குழுவில் ஒரு நண்பர் கேட்டார். பெரிய கம்பெனியில் நிதிப் பிரிவில் இருப்பவர். அவரே இப்படிக் கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சரி, கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, முதல் ஆண்டில் 60 பிள்ளைகள் போகிறார்கள் என்று வையுங்கள். கிண்டர்கார்ட்டன் முதல் ஐந்தாவது வரை ஆறு வகுப்பு, ஊரில் நான்கு தொடக்கப் பள்ளி. அப்படியானால் ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு நிலையிலிருந்து போவது இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். அந்த நிலையில் மூன்று பிரிவு இருந்தால், பிரிவுக்கு ஒரு பிள்ளைக்கு மேல் குறையாது. 23 பேர் இருந்த அறையில் 22 பேர். எந்த ஆசிரியரை வீட்டுக்கு அனுப்புவீர்கள்? பேருந்தில் ஒரு சீட் காலி, ஓட்டுநர் சம்பளம் அதேதான். குளிர்காலத்தில் ஹீட்டர் 22 பேருக்கு என்று குறைத்து எரியுமா? நர்ஸ், நூலகர், காவலாளி எல்லோரும் இருந்தாக வேண்டும். ஆனால் தலைக்கு 15,000 டாலர் என்றாலே ஒன்பது லட்சம் டாலர் வெளியே போய்விட்டது. அதை எங்கே வெட்டுவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் இசை, அப்புறம் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான கூடுதல் ஆசிரியர், அப்புறம் மாலை நேர விளையாட்டுப் பேருந்து. இந்தியாவிலிருந்து போன மாதம் வந்து இறங்கிய குழந்தைக்குக் கை கொடுப்பவர் அந்தக் கூடுதல் ஆசிரியர்தான், கைதட்டிய அன்பர்கள் கவனிக்கவும்.

இதோடு முடியவில்லை. சார்ட்டருக்குப் போகும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேருந்து விடும் பொறுப்பும் ஊர் மாவட்டத்தின் தலையில்தான். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குத் தனியார் சிறப்புப் பள்ளியில் இடம் வாங்க வேண்டிய நிலை வந்தால், பிள்ளை சார்ட்டரில் சேர்ந்திருந்தாலும், அந்தப் பெரிய கட்டணத்தை ஊர் மாவட்டம்தான் கட்ட வேண்டும். சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. செலவு குறைந்த பிள்ளை அங்கே, செலவு கூடிய பிள்ளையின் பில் இங்கே. பிரமாதமான ஏற்பாடு!

எனக்கு அதிகக் கோபம் நம்மவர்கள் மேல்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஏன் வீடு வாங்கினீர்கள்? பக்கத்து ஊரில் இதே அளவு வீடு மலிவாகக் கிடைத்தும், பள்ளிக்கு எத்தனை மதிப்பெண் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, அந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் ஆசைப்பட்டு, ஏலத்தில் விலை ஏற்றி ஏற்றி வாங்கினீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம் சமையலறையைக் காட்டுவதற்கு முன்னால் பள்ளி ரேட்டிங்கைத்தான் சொன்னீர்கள். இப்போது அந்தப் பள்ளி போதவில்லை. ஏன் போதவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. "எக்ஸ்ட்ராவா ஏதோ சொல்லித் தர்றாங்களாம்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத எதுவோ ஒன்று தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், அதுதான் விஷயம். ஊரில் மெட்ரிக் பள்ளி வாசலில் விடியற்காலை வரிசையில் நின்ற புத்தி கடல் தாண்டியும் விடவில்லை.

எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் நூவர்க் நகரத்துப் பெற்றோர்கள் சார்ட்டர் கேட்டால் எனக்கு வாய் வராது. மாநில அரசே 1995இல் அந்த நகரத்துப் பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. அங்கே ஒரு தாய் வேறு கதவைத் தட்டினால் அது நியாயம், அங்குள்ள சில சார்ட்டர்கள் நன்றாகவே நடக்கின்றன என்பதும் உண்மை. எங்கள் ஊரில் எந்தக் கதவு மூடியிருக்கிறது?

சார்ட்டர் என்ற இந்த யோசனையை 1988இல் நாடு முழுக்கப் பேசவைத்தவர் ஆல்பர்ட் ஷான்கர், ஆசிரியர் சங்கத் தலைவர். ஆசிரியர்களே சிறிய அளவில் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கவும், பலித்ததை மற்ற பள்ளிகள் எடுத்துக்கொள்ளவும் என்று சொன்னார். 1991இல் மினசோட்டா முதல் சட்டம் போட்டது. சில ஆண்டுகளிலேயே ஷான்கர் இதை எதிர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். பெற்றவருக்கே பிள்ளை பிடிக்காமல் போயிற்று.

மக்களைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் இருக்கிறது. ஆண்டுக்கு 12 சார்ட்டர் வரை கூடுதலாக அனுமதிக்கலாமா என்று 2016 நவம்பரில் ஓட்டுக்கு விட்டார்கள். 62 விழுக்காடு பேர் வேண்டாம் என்றார்கள். எங்கள் மாநிலத்தில் கேட்பதே இல்லை, அதனால் தோற்கும் பிரச்சினையும் இல்லை! பிரின்ஸ்டன் பக்கம் சீன மொழிவழிச் சார்ட்டர் ஒன்றுக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. பிரின்ஸ்டன், சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ மூன்று மாவட்டமும் சேர்ந்து எதிர்த்தன. கடைசிவரை அது திறக்கவே இல்லை. எத்தனை பேருடைய நேரமும் காசும் அதில் கரைந்திருக்கும்!

"பிடிக்கலேன்னா திரும்ப வந்துடலாம்ல" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். வரலாம், தாராளமாக. ஒஹாயோவில் இணையவழிச் சார்ட்டர் ஒன்று 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவே மூடப்பட்டது. ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டி வந்தது மற்ற பள்ளிகளுக்குத்தான். திரும்பி வரும் பிள்ளையை ஊர்ப் பள்ளி எந்த மாதத்திலும் மறுக்க முடியாது, குலுக்கல் போடவும் முடியாது. அதற்கு அங்கே ஆசிரியர் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுபது நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் பள்ளி வாரியக் கூட்டம், வேலைநாள் மாலைதான், தமிழ்ப் பள்ளி வகுப்பு அன்றைக்கு இல்லை, பாட்டு வகுப்பை ஒரு நாள் தள்ளி வைக்கலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான் பேசவிடுவார்கள், எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆணையருக்கும் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். கைதட்டும் படத்தை அதில் ஒட்ட முடியாது, வாக்கியமாகத்தான் எழுத வேண்டும்.